மாடன் ஏட்டின் விசில்

சென்னை
9 மார்ச் 2025

அக்காவுக்கு,

நீ அப்பாவைக் காட்சிப்பொருள் ஆக்கிவிட்டாய்.

நலமா என்று பிறகு கேட்கிறேன். உங்கள் கல்லூரி வெளியிட்ட நாற்பது வினாடி வீடியோ என் வார்டு வரை வந்துவிட்டது. கூட வேலை பார்க்கும் செங்கோட்டைக்காரன் காட்டி, “இது உங்க ஊர்தான?” என்றான். ஊர் மட்டுமா என் ஊர்? பெல்ட் போடாமல் தெருவாசலுக்குக்கூட வராத மாடன் ஏட்டு, பனியனும் சாரமுமாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். முகத்தில் பாதியை மறைத்து ஒரு விஆர் ஹெட்செட். இரண்டு கைகளும் காற்றைத் துழாவுகின்றன. சுற்றி நின்று உன் மாணவர்கள் கை தட்டுகிறார்கள். கீழே ஓடுகிற எழுத்து: ‘முதியோருக்குக் குற்றால அருவியை வீட்டுக்கே கொண்டுவந்த எங்கள் மாணவர்கள்’.

நான் முதியோர் வார்டில் நர்ஸ். எங்கள் சுவரிலும் பராமரிப்பு என்று பெரிதாக எழுதியிருக்கிறார்கள். அதற்குக் கீழே கட்டில் கம்பியில் கட்டிவைத்த கைகளை, நான் டூட்டிக்கு வந்ததும் அவிழ்த்துவிடுகிறேன். உன் வீட்டில் அப்பாவின் மூத்திரத் துணியை அலசுவது முப்பிடாதியம்மாள். நீ கல்லூரியில் பராமரிப்புப் பாடம் எடுக்கிறாய். இதை யாராவது உன்னிடம் சொல்ல வேண்டும்.

போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் சண்டை. கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

வீடியோவை எடுக்கச் சொல். இன்னொன்று, அவர் கண்ணில் அருவியை வைக்காதே. ஏன் என்று கேட்காதே.

உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது?

மாரி

*

தென்காசி
16 மார்ச் 2025

அன்புள்ள தம்பி மாரிக்கு,

இடுப்பு வலி இருக்கிறது, நானும் இருக்கிறேன். அப்பாவுக்குச் சாப்பாடு இறங்குகிறது. மறதி மட்டும் வாரத்துக்கு வாரம் கூடுகிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

வீடியோ எனக்குத் தெரியாமல் போடப்பட்டது. முதல்வர் அறையில் நின்று, அதை எடுக்கும்வரை வகுப்புக்குப் போக மாட்டேன் என்றேன். மறுநாள் எடுத்துவிட்டார்கள். அந்தக் கை தட்டல் பற்றி நீ எழுதியது சரி. பிள்ளைகளிடம் உன் கடிதத்தின் அந்தப் பத்தியை மட்டும் படித்துக் காட்டினேன். மகாராஜா என்ற நெட்டைப் பையன் தலை குனிந்தவன் மணி அடிக்கும்வரை நிமிரவில்லை.

ஆனால் என் வகுப்பில் நடப்பது முழுவதும் உனக்குத் தெரியாது. ஹெட்செட்டைத் தொடும் முன் ஒவ்வொரு மாணவரும் ஒரு வாரம் ஒரு நோயாளி இருக்கும் வீட்டில் வேலை செய்ய வேண்டும். ஊட்டணும், கழுவணும், துணி மாற்றணும். அங்கே என்ன கஷ்டம் என்று கை கண்டுபிடித்த பிறகுதான் செயலி வடிவமைக்க உட்காரலாம். மதிப்பெண்ணில் பாதியை நான் போடுவதில்லை. முப்பிடாதியம்மாள் போடுகிறாள். வியாழக்கிழமை மதியம் அவளுக்குக் கல்லூரியில் நாற்காலி உண்டு, விருந்தினர் ஆசிரியருக்கு உரிய சம்பளமும் உண்டு. முதல் நாளே மகாராஜாவிடம் கேட்டாள்: “ஏலே நெட்டையா, ஒனக்குச் சோறு ஊட்டும்போது ஒங்கம்மா கண்ணைக் கட்டிட்டா ஊட்டுனா? பெறகு இத எதுக்குலே பெரியவரு மூஞ்சில மாட்டுத?” அந்தக் கேள்வியைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறோம். இன்னும் அழிக்கவில்லை.

அப்பாவுக்குச் சாயங்காலம்தான் பிரச்சினை. ஐந்தரை ஆனால் எழுந்துவிடுகிறார். “ஏட்டி ஜெயா, பெல்ட்டை எங்கட்டி வச்ச? டூட்டிக்கு நேரமாச்சு” என்கிறார். கதவைப் பூட்டினால் அடிக்கிறார். திறந்தால் போய்விடுகிறார். ஒரு தடவை இலஞ்சி விலக்கில் இருந்து ஆட்டோக்காரர் கூட்டி வந்தார். பேரருவியில் எத்தனை சீசன் பாதுகாப்பு டூட்டி பார்த்தவர்! அங்கேதான் போகப் பார்க்கிறார். அதனால்தான் பிள்ளைகள் அருவியை எடுத்துக்கொண்டார்கள்.

ஏன் வைக்கக் கூடாது? கேட்காதே என்றாய். கேட்கிறேன்.

உன் அக்கா,
ஜெயசித்ரா

*

தென்காசி
20 ஏப்ரல் 2025

அன்புள்ள மாரிக்கு,

ஐந்து வாரமாகப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? இங்கே வெயில் ஆளைத் தின்கிறது. அப்பா மோர்தான் குடிக்கிறார்.

ஒரு தோல்வியைச் சொல்கிறேன். மகாராஜா, பென்னி, மாஜிதா மூன்று பேரும் சேர்ந்து செய்த முதல் செயலி டிசம்பர் மழையில் எடுத்த அருவி. வெள்ளை வெளேர் என்று தண்ணீர், பின்னால் புல்லாங்குழல். ஹெட்செட்டை மாட்டினால் நம் கூடமும் தெரியும், டிவி இருக்கும் சுவரில் அருவியும் விழும். பார்த்தவர்கள் எல்லாரும் அழகு என்றார்கள். அப்பாவுக்கு மாட்டினோம். அவர் தண்ணீரைப் பார்க்கவே இல்லை. கழுத்தை அண்ணாந்து கூரையைப் பார்த்தார். பென்னி கழுத்துதான் வலிக்கிறது என்று நினைத்தான். புளியறையில் ஹோட்டல் வைத்திருப்பவர்களின் மகன், எதையும் கட்டித் தூக்குவதில் கெட்டிக்காரன். பாரத்தைக் குறைக்க உச்சந்தலை வழியாக ஒரு பட்டை தைத்து வந்தான். மறுபடியும் அண்ணாந்து பார்த்தார். “மேல ஒண்ணையும் காணலியே! மேல எங்கடே?” என்று கத்தி, கழற்றி எறிந்தார்.

முப்பிடாதியம்மாள் மூன்று பேருக்கும் முட்டை போட்டாள். “பெரியவருக்குக் கழுத்து வலிக்கல. எதையோ தேடுதாரு. அது என்னன்னு கேக்காம பட்டை தைக்கான் இவன்” என்றாள்.

பிள்ளைகள் குளிக்கப் போகிறவர்கள் பார்ப்பது போலவே அருவியை எடுத்திருக்கிறார்கள். தென்காசியில் பிறந்த நாங்கள் எல்லாரும் அப்படித்தானே பார்த்திருக்கிறோம். அவர் வேறு எதையோ பார்த்து நின்றவர். சீசனில் சாயங்காலம் அவருக்குத் தூக்குவாளியில் சோறு கொண்டுபோனவன் நீ. அவர் எங்கே பார்த்தார்?

ஜெயசித்ரா

*

சென்னை
2 மே 2025

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. இது உனக்கு எழுதுவது இல்லை, உன் பிள்ளைகளுக்கு. படித்துக் காட்டு.

காவல் நிற்கிறவர் தண்ணீரைப் பார்க்க மாட்டார். பாறையின் உச்சி விளிம்பை, தண்ணீர் புறப்படுகிற அந்தக் கோட்டைப் பார்ப்பார். மலைக்கு மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும். குளிக்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. முதலில் விளிம்பில் சுள்ளியும் இலையும் வரும். பிறகு தண்ணீர் டீ நிறமாகும். பிறகு சத்தம் கனக்கும். சுள்ளி வந்ததும் விசில் ஊத வேண்டும். நிறம் மாறும்வரை காத்திருந்தால் பாதிப் பேர்தான் வெளியே வருவார்கள். அப்பா சுள்ளிக்கே ஊதுவார். குளிக்கிறவர்கள் அவரைத் திட்டுவார்கள், “ஏட்டையாவுக்குப் பொறாமை” என்பார்கள். எல்லாரும் தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் வந்ததும் விரல் நீட்டி எண்ணுவார். யாரும் எண்ணச் சொல்லவில்லை, அவராக எண்ணுவார்.

விசில் அம்மாவின் டிரங்குப் பெட்டியில், வெள்ளைக் கயிற்றோடு இருக்கும்.

ஒரு வாரம் வீட்டு வேலை என்ற விதி நல்ல விதி. நான் படித்த நர்ஸிங் கல்லூரியில் பொம்மைக்குத்தான் மலம் துடைத்தோம். முப்பிடாதியம்மாளுக்கு நாற்காலி போட்டதற்கு உன்னை நான் மதிக்கிறேன். முதல் கடிதத்தில் அவளைப் பற்றி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். மற்றதை இல்லை.

இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

மாரி

*

தென்காசி
19 மே 2025

அன்புள்ள மாரிக்கு,

ஒத்தடம் கொடுத்தேன், பரவாயில்லை. உன் கடிதத்தை மாஜிதா மூன்று முறை வாங்கிப் படித்தாள். தேர்வு முடிந்துவிட்டது, விடுமுறை விட்டாயிற்று. மூன்று பேரும் வீட்டுக்குப் போகவில்லை. “மேம், உங்க தம்பி எழுதுனது மாதிரி எங்களுக்கு யாரும் சிலபஸ் எழுதல” என்கிறாள் அவள்.

இந்தப் பிள்ளைகளைப் பற்றி நான் பெருமை பேசினால் உனக்கு எரிச்சல் வரும், வரட்டும். அருவியில் குளிக்கிறவர்களைப் படம் எடுக்க மாஜிதா மறுத்துவிட்டாள். கேட்காமல் ஒருவர் உடம்பை எடுத்து இன்னொருவர் மருந்துக்குப் பயன்படுத்தக் கூடாதாம். அதனால் ஹாஸ்டல் மொட்டை மாடியில் குழாயைத் திறந்துவிட்டு, மெக்கானிக்கல் துறைப் பையன்கள் பதினான்கு பேர் துண்டு கட்டி நனைந்தார்கள். நடித்தவர்களில் ஒருவன், “ஏட்டையாவுக்குப் பொறாமைடே!” என்று உன் வசனத்தையே கத்தினான். புல்லாங்குழல் போயிற்று. பாறை விளிம்புக்கு மட்டும் பென்னி பதினொரு நாள் உழைத்தான். சுள்ளி எப்படிப் புரண்டு விழும் என்று பார்க்கப் புளியறை ஓடையில் நாள் முழுக்கக் குச்சி விட்டுக்கொண்டிருந்தானாம்.

நேற்று ஐந்தரைக்கு அப்பா பெல்ட்டைக் கேட்டார். கட்டிவிட்டோம். கையில் விசிலைக் கொடுத்தோம். ஹெட்செட் மாட்டியதும் அண்ணாந்து பார்த்தார், அங்கே விளிம்பு இருந்தது. மாரி, அவர் தோள் இறங்கியதை நீ பார்த்திருக்க வேண்டும். நான்கு நிமிடம் அசையாமல் நின்றார். முதல் சுள்ளி விழுந்தது. ஊதினார்! தெருவே திரும்பிப் பார்க்கும் ஊதல். ஹெட்செட் அதைக் கேட்கிறது, குளித்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வருகிறார்கள். “வாலே, வெளிய வா, அந்தச் சோப்பு போனாப் போவுது” என்று விரட்டினார். விரலால் எண்ணினார். அதோடு முடிந்து, தானாகக் கழற்றிவிடுவார் என்று நினைத்தோம். மாட்டிக்கொண்டவர் தானாகவே கழற்றும்படி செய்யாத எதையும் பராமரிப்பு என்று சொல்லக் கூடாது என்பது எங்கள் வகுப்பின் இரண்டாவது விதி.

அவர் கழற்றவில்லை. “ஒண்ணு குறையுது” என்றார்.

பென்னி சரிபார்த்தான். பதினான்கு பேர், பதினான்கும் வந்தாயிற்று. மறுபடி எண்ணினார். “ஒண்ணு குறையுதுடே.” நாங்கள்தான் கழற்ற வேண்டியிருந்தது. அப்புறம் அழுதார்.

உனக்குத் தெரிந்திருக்கிறது. எழுது.

ஜெயசித்ரா

*

சென்னை
25 மே 2025

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை.

2007 ஜூலை. நீ அப்போது மதுரையில் படித்துக்கொண்டிருந்தாய். திருவேங்கடம் பக்கமிருந்து தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்பவர்கள் ஒரு லோடு ஆட்டோவில் வந்திருந்தார்கள். வருஷத்துக்கு ஒரே ஒரு நாள் லீவு போட்டு வருகிறவர்கள். அப்பனோடு ஆண்கள் பக்கம் வந்த ஆறு வயதுப் பெண்பிள்ளை. சுள்ளி வந்தது, அப்பா ஊதினார். எல்லாரும் ஓடினார்கள். கம்பியை விட்டு உள்ளே ஒரு பையன் மாட்டிக்கொண்டான். அப்பா இறங்கி அவனைத் தூக்கினார். அந்த நேரத்துக்குள் அந்தப் பிள்ளை போய்விட்டது.

மறுநாள் பேப்பரில், சிறுவனைக் காப்பாற்றிய ஏட்டுக்குப் பாராட்டு. கடைசி வரியில் அந்தப் பிள்ளை. பெயர் தப்பு. வயது எட்டு என்று போட்டிருந்தார்கள். ஏழை வீட்டுப் பிள்ளை செத்தால் வயதைக்கூடச் சரிபார்க்க மாட்டார்கள். அப்பா அந்தப் பேப்பரை அடுப்பில் போட்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றி வீட்டில் ஒரு சொல் பேசியதில்லை.

குறையும் ஒன்று அதுதான். அதனால்தான் வைக்காதே என்றேன். இப்போது என்ன செய்வார்கள் உன் கெட்டிக்காரப் பிள்ளைகள்?

மாரி

*

தென்காசி
15 ஜூன் 2025

அன்புள்ள மாரிக்கு,

சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலம் ரோட்டில் வண்டி நகரவில்லை. அப்பாவுக்குக் கம்பளி எடுத்துப் போட்டோம். நீ குடையோடு போகிறாயா?

உன் கடிதத்தை மூன்று பேருக்கும் படித்துக் காட்டினேன். பிறகு மகாராஜா, எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்றான். மாஜிதா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “அழிச்சா நமக்குத்தான் நிம்மதி. ஏட்டையா தெனமும் அங்கன போயிட்டுத்தான இருக்காங்க. தனியாப் போறாங்க.” பென்னி, அந்தப் பிள்ளையைச் செய்து கடைசியில் வெளியே வரவைக்கலாமா என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் மகாராஜாவே, “அது அவங்க வீட்டுப் பிள்ள. நாம யாரு?” என்றான். மூன்று மாதத்துக்கு முன் கை தட்டிய அதே பையன். எனக்குக் கண் கலங்கியது, இருமுவது போல நடித்தேன்.

கடைசியில் அவர்கள் எதையும் சேர்க்கவில்லை. கழித்தார்கள். எல்லாரும் வெளியே வந்ததும் அருவியின் சத்தம் மெல்லத் தணியும், நம் கூடம் தெளிவாகத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆள் தெரிவார். அவர் கேட்பார். பதிலைப் படம் சொல்லாது.

பக்கத்தில் முப்பிடாதியம்மாள் உட்கார்ந்தாள். “ஒண்ணு குறையுது” என்றார் அப்பா. “யாரு ஏட்டையா வரல?” என்று அவர் கையைப் பிடித்தாள். அவள் பக்கம் திரும்பிச் சொன்னார்: “எம் பய. தூக்குவாளி கொண்டாந்த பய. தூக்கிட்டேன், கையில இருந்தான். பெறகு எங்கன போனான்னு தெரியல.”

மாட்டிக்கொண்ட பையன் யார் என்று நீ எழுதவில்லை, மாரி.

ஜெயசித்ரா

*

சென்னை
29 ஜூன் 2025

அக்கா,

நான்தான்.

கம்பிக்கு இந்தப் பக்கமே நில் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். தூக்குவாளியைப் பாறையில் வைத்துவிட்டு உள்ளே போனேன். ஒன்பது வயது. விசில் கேட்டது. அப்பா ஊதுவதுதானே என்று நின்றேன், ஊரெல்லாம் பயப்படும் விசிலுக்கு நான் பயப்படத் தேவையில்லை என்று. தலைமயிரைப் பிடித்துத் தூக்கினார். அவர் தோளில் கிடந்தபடி அந்தப் பிள்ளையின் மஞ்சள் கவுனைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. சாப்பிடும்போது நிமிர்ந்தால் பார்த்துக்கொண்டிருப்பார். இவனுக்காக அந்தப் பிள்ளை போயிற்றே என்று எண்ணுகிறார் என்றே பதினெட்டு வருஷம் நினைத்தேன். அதனால்தான் வீட்டை விட்டு வந்தேன். அம்மா காரியத்துக்குப் பிறகு வரவில்லை. அடுத்தவன் அப்பனுக்கெல்லாம் கை கால் கழுவுகிறேன்.

உன் வகுப்பைப் பற்றி நான் எழுதியதெல்லாம் தப்பு. இது புகழ்ச்சி இல்லை, மதிப்பீடு. ஆறு வருஷ வார்டு அனுபவத்தில் நான் கேட்காத கேள்வியை, ஒரு விசிலை வைத்துக்கொண்டு மூன்று பிள்ளைகளும் எட்டாவது படித்த ஒரு பெண்ணும் கேட்டிருக்கிறார்கள். ‘யாரு வரல’ என்று நேற்று ஏழாம் நம்பர் கட்டிலில் கேட்டேன். கத்திக்கொண்டே இருக்கும் கிழவர் அவர். அரைமணி நேரம் தன் தங்கச்சியைப் பற்றிப் பேசினார். கையைக் கட்ட வேண்டியிருக்கவில்லை. மாஜிதாவிடம் சொல்.

இத்துடன் என் நாலாம் வகுப்புப் போட்டோ. காக்கி டிரவுசர், அன்று போட்டிருந்ததும் அதுதான். இதை வைத்து அந்தப் பையனைச் செய்யச் சொல். விசில் ஊதியதும் வெளியே வரட்டும். எண்ணிக்கை சரியாகிவிடும், அவர் தூங்குவார். மகாராஜாவால் இரண்டு நாளில் முடியும்.

மாரி

*

தென்காசி
6 ஜூலை 2025

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். போட்டோ வந்தது. பல் விழுந்த வாயோடு சிரிக்கிறாய்.

மகாராஜா இரண்டு நாள் கேட்கவில்லை, ஒரு நாள் போதும் என்றான். மாஜிதாதான் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு, “மேம், இவங்க உயிரோடதான இருக்காங்க?” என்று கேட்டாள்.

செய்ய மாட்டோம், மாரி. செத்த பிள்ளையைச் செய்ய எங்களுக்கு உரிமையில்லை. உயிரோடு இருப்பவனைச் செய்யத் தேவையில்லை. இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவர்களாகவே பலகையில் எழுதினார்கள். முப்பிடாதியம்மாள் அதைப் படித்துவிட்டு மூன்று பேருக்கும் முழு மார்க் போட்டாள். “அந்தச் சென்னைக்காரனுக்கு மட்டும் முட்டை. அப்பன் தேடுதான்னு தெரிஞ்ச பெறகும் போட்டோ அனுப்புதான் பாரு” என்றாள்.

அவர் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தது எதற்கு என்று எனக்கு இப்போது தெரிகிறது. இருக்கிறாயா என்று எண்ணியிருக்கிறார்.

சீசன் முடிவதற்குள் வா.

ஜெயசித்ரா

*

தென்காசி
17 ஆகஸ்ட் 2025

மாரி,

ஆறு வாரம் ஆயிற்று. நீ நன்றாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன்.

ஹெட்செட்டைக் கல்லூரியில் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அப்பாவுக்கு அது இப்போது வேண்டியதில்லை. ஐந்தரைக்குப் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். மலை தெரியும் பக்கம் அண்ணாந்து பார்க்கிறார், ஊதுகிறார். மொட்டை மாடிகளில் துணி எடுக்கிறவர்கள், போன் பேசுகிறவர்கள், பட்டம் விடும் பிள்ளைகள் எல்லாரும் இறங்கித் தெருவுக்கு வருகிறார்கள். யாரும் சொல்லவில்லை, அவர்களாக வந்தார்கள். எதிர் வீட்டுக்காரர், “வந்துட்டேன் ஏட்டையா, லத்திய எடுத்திராதீக” என்று கும்பிடுகிறார். என் பிள்ளைகள் இதையே திட்ட அறிக்கையின் கடைசிப் பக்கமாக எழுதிக் கொடுத்தார்கள்: ‘செயலி இப்போது பயன்பாட்டில் இல்லை. வேலை நடக்கிறது.’ இருபது வருஷம் பாடம் எடுத்தாலும் இப்படி ஒரு வரி எனக்குக் கிடைக்காது.

எண்ணி முடித்ததும் ஒண்ணு குறையுது என்கிறார். இன்றைக்கும் சொன்னார். தெரு முழுவதும் நின்று கேட்டது. முப்பிடாதியம்மாள், “வருவான் ஏட்டையா” என்றாள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

எந்தக் கிழமை வருகிறாய்? வேறு ஒன்றும் எழுத வேண்டாம். கிழமையை மட்டும் எழுது.

ஜெயசித்ரா